வெட்டாத நேர்காணலா, தொகுத்த ஆவணப்படமா: யூத இனப்படுகொலைச் சாட்சியத்தைக் காப்பதில் ஒரு தேர்வு

நாஜி ஜெர்மனி நடத்திய யூத இனப்படுகொலையிலிருந்து உயிர்பிழைத்தவர்களில் ஏறத்தாழ 2,45,000 பேர் 90க்கும் மேற்பட்ட நாடுகளில் வாழ்ந்துவருவதாக, அவர்களுக்கு இழப்பீடு பெற்றுத்தரும் கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ் அமைப்பு 2024 ஜனவரியில் கணக்கு வெளியிட்டது. அப்போது அவர்களுடைய இடைநிலை வயது 86. போர் முடிந்த 1945இல் இவர்களில் பாதிப் பேர் ஏழு வயதைத் தாண்டாத குழந்தைகள் என்பதே இந்த எண்ணின் பொருள். கடையையும் பட்டறையையும் பறிகொடுத்து, குடும்பத்தோடு ரயிலேற்றப்பட்டு, முகாமில் மனைவியையோ கணவனையோ இழந்த வயதுவந்தவர்களின் தலைமுறை பெரும்பாலும் மறைந்துவிட்டது. இப்போது கேமராவின் முன் வந்து உட்காரக்கூடியவர்கள், நடந்ததை ஒரு குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்தவர்கள்.

அருங்காட்சியகம் ஒன்றோ, பள்ளிகளுக்குப் பாடப்பொருள் தயாரிக்கும் அறக்கட்டளையோ, பாட்டியின் கதையைக் காக்க நினைக்கும் பேத்தியோ எடுக்க வேண்டிய முடிவு இதனால் அவசரமாகியிருக்கிறது, சிக்கலாகவும் ஆகியிருக்கிறது. கையிலுள்ள பணமும் அந்த முதியவரின் உடல்வலுவும் ஒருமுறை செலவிடத்தான் போதும் என்றால் எதற்குச் செலவிடுவது? பல மணி நேரம் ஓடும் வெட்டாத நேர்காணலுக்கா, ஒரே அமர்வில் பார்த்து முடிக்கக்கூடிய ஆவணப்படத்துக்கா, கேள்வி கேட்டால் திரையிலிருந்து பதில் சொல்லும் ஊடாட்டப் பதிவுக்கா? அல்லது, இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பதிவாகிவிட்ட நாடாக்களைத் தேடியெடுத்து அவற்றுக்கு உயிர்கொடுப்பதற்கா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதுவரை சாட்சியம் தராத ஒருவர் கிடைத்திருந்தால் வெட்டாத நேர்காணலுக்கே முதற்செலவு. ஆனால் அதை எடுப்பவருக்கு ஓர் ஆவணப்பட இயக்குநரின் கண்ணும் காதும் வேண்டும். முன்பே சாட்சியம் தந்தவர் என்றால் கணக்கு வேறு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

வெட்டாத நேர்காணல் என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு முறைகள் இருக்கின்றன. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1979இல் தொலைக்காட்சிச் செய்தியாளர் லாரல் விளாக்கும், தாமே குழந்தைப் பருவத்தில் முகாமிலிருந்து பிழைத்து வந்த மனநல மருத்துவர் டோரி லாபும் தொடங்கிய முயற்சி, யேல் பல்கலைக்கழகத்தின் ஃபோர்ட்டுநாஃப் காப்பகமாக வளர்ந்தது. இன்று அதில் 4,400க்கும் மேற்பட்ட சாட்சியங்கள் உள்ளன. அங்கே நேர்காணலுக்கு நேர வரம்பு கிடையாது, கேள்விப்பட்டியலும் கிடையாது. பேசுபவர் எங்கே தொடங்குகிறாரோ அங்கிருந்துதான் கதை தொடங்கும். கேட்பவர் பெரும்பாலும் வாயைத் திறக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டவர். பேசுபவரின் முழுப்பெயரை வெளியிடாமல், முதற்பெயரோடும் குடும்பப்பெயரின் முதலெழுத்தோடும் நிறுத்திக்கொள்வது அந்தக் காப்பகத்தின் வழக்கம்.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1994இல் நிறுவிய ஷோவா அறக்கட்டளை இதற்கு நேர்மாறான வழியில் போனது. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் 56 நாடுகளில் 32 மொழிகளில் 50,000க்கும் மேற்பட்ட நேர்காணல்களை அது எடுத்து முடித்தது. இந்த அளவு சாத்தியமானதற்குக் காரணம் கட்டுக்கோப்பு: முன்கூட்டியே நிரப்பப்பட்ட நீண்ட வினாப்படிவம், பயிற்சி பெற்ற தன்னார்வ நேர்காணலர்கள், போருக்கு முந்தைய வாழ்வுக்கு ஐந்தில் ஒரு பங்கு, போர்க்காலத்துக்கு ஐந்தில் மூன்று, பிந்தைய வாழ்வுக்கு மீதி ஒரு பங்கு என்ற நேரப் பிரிப்பு, முடிவில் குடும்பத்தினரைச் சட்டகத்துக்குள் அழைத்து உட்காரவைத்துப் பழைய புகைப்படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுதல். அரை மணி நேரம் ஓடும் பீட்டாகேம் நாடாக்களில் பதிவானதால் ஒவ்வொரு அரை மணிக்கும் பேச்சை நிறுத்தி நாடாவை மாற்ற வேண்டியிருந்தது. ஒருவர் தன் தாயைக் கடைசியாகப் பார்த்த நொடியை நெருங்கும்போது நாடா தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்று எண்ணிப்பார்த்தால், தொழில்நுட்பம் ஒரு நினைவின் வடிவத்தை எப்படி மாற்றிவிடும் என்பது புரியும். இன்றைய கேமராக்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே யேல் முறையின் பொறுமையைப் பின்பற்றாமலிருக்க இப்போது சாக்கு ஏதும் கிடையாது.

அதற்காக ஷோவா அறக்கட்டளையின் ஒழுங்கைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அதன் நாடாக்கள் ஒவ்வொரு நிமிடமாகப் பகுக்கப்பட்டு, ஊர், முகாம், ஆள், நிகழ்வு என்று பல்லாயிரம் சொற்களால் அட்டவணைப்படுத்தப்பட்டன. அட்டவணை இல்லாத காப்பகம் பூட்டிய அறைக்குச் சமம். அட்டவணை இருந்தும்கூட ஓர் அடிப்படைச் சிக்கல் மிஞ்சுகிறது. அந்தத் தொகுப்பின் மொத்த நீளம் 1,15,000 மணி நேரத்துக்கு மேல். இரவு பகல் பாராமல் ஒருவர் பார்த்தாலும் முடிக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகும். ஆய்வாளர் ஒருவர் ஒரு குறிப்பிட்ட கிராமத்தைத் தேடிக்கொண்டு வருவார். பதினைந்து வயது மாணவர் வரமாட்டார். வெட்டாத பதிவு சாட்சியத்தைக் காக்கும், ஆனால் பார்வையாளரைத் தானாகக் கொண்டுவந்து சேர்க்காது. ஆவணப்படத்தின் தேவை இந்த இடத்தில்தான் எழுகிறது.

ஆவணப்படம் என்றதும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது பிரெஞ்சு இயக்குநர் குளோட் லான்ஸ்மன் 1985இல் வெளியிட்ட, ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரம் ஓடும் 'ஷோவா'வைத்தான். (எபிரேயத்தில் அந்தச் சொல்லுக்குப் பேரழிவு என்று பொருள். 'ஹோலோகாஸ்ட்' என்ற சொல்லின் கிரேக்க மூலத்தில் முழுவதும் எரித்துப் படைக்கும் பலி என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருப்பதால், அது பிடிக்காத யூதர்கள் பலர் ஷோவா என்றே சொல்கிறார்கள். படத்துக்கோ காப்பகத்துக்கோ பெயர் வைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.) அந்தப் படத்தில் பழைய ஆவணக் காட்சி ஒன்றுகூட இல்லை. பேசும் முகங்களும் அவர்கள் பேசும் இடங்களின் இன்றைய தோற்றமும் மட்டுமே. மொழிபெயர்ப்பாளர் இடையில் பேசுவதைக்கூட லான்ஸ்மன் வெட்டவில்லை. போலிஷ் விவசாயி பேசுவதும், அது பிரெஞ்சுக்கு மாறுவதும், அதைக் கேட்கும் முகம் காத்திருப்பதும் அப்படியே திரையில் இருக்கின்றன.

அதில் வரும் முடிதிருத்துநர் காட்சியைக் கூர்ந்து பார்த்தால் இந்தத் தேர்வின் எல்லாச் சிக்கல்களும் ஒரே இடத்தில் தெரியும். ஆபிரகாம் பாம்பா, ட்ரெப்ளிங்கா முகாமில் நச்சுவாயு அறைக்குள் அனுப்பப்படவிருந்த பெண்களின் கூந்தலை வெட்டும்படி கட்டாயப்படுத்தப்பட்டவர். படம் எடுத்த காலத்தில் அவர் தொழிலை விட்டிருந்தார். லான்ஸ்மன் இஸ்ரேலில் ஒரு முடிதிருத்தகத்தை வாடகைக்குப் பிடித்து, நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்து, பாம்பாவின் கையில் கத்தரியைக் கொடுத்துப் பேச வைத்தார். கத்தரி அசைந்துகொண்டே இருக்கிறது. ஆனால் முடி அதிகம் விழவில்லை. குரல் சமநிலையில், ஏறக்குறைய ஓர் அறிக்கையைப் படிப்பதுபோல வருகிறது. உடன் வேலை செய்த ஒரு முடிதிருத்துநரின் மனைவியும் சகோதரியும் அந்த அறைக்குள் வந்த நாளைச் சொல்ல வரும்போது பேச்சு நின்றுவிடுகிறது. பாம்பா முகத்தைத் துடைக்கிறார், தலையசைக்கிறார், முடியாது என்கிறார். லான்ஸ்மன் விடவில்லை, சொல்லியாக வேண்டும் என்று மீண்டும் மீண்டும் கேட்கிறார். கேமராவும் நிற்கவில்லை.

கத்தரியும் கண்ணாடியும் இல்லாமல் ஒரு வரவேற்பறைச் சோபாவில் அமர்ந்து இதே கதையைச் சொல்லியிருந்தால் அந்த உடைவு நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே. கையின் நினைவு வாயின் நினைவைத் திறந்தது. ஆவணப்பட இயக்குநரால் மட்டுமே செய்யக்கூடிய காரியம் இது; அதன் மறுபக்கமும் அதற்குள்ளேயே இருக்கிறது. மறுத்த மனிதரை வற்புறுத்த இயக்குநருக்கு என்ன உரிமை? லான்ஸ்மன் செய்தது சரி என்று வாதிடுபவர்களும் கொடுமை என்று சொல்பவர்களும் இன்றுவரை இருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை, பாம்பா அன்று நடுத்தர வயதைக் கடந்த, உறுதியான மனிதர். இன்று நம் முன் இருக்கப்போவது தொண்ணூறை எட்டிய ஒருவர். அன்று எடுத்த உரிமையை இன்று எடுத்துக்கொள்ள முடியாது. பொருளையும் இடத்தையும் கொடுத்து நினைவை அழைக்கலாம். முடியாது என்றவுடன் கேமராவை இறக்கிவிட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது தகும்.

இதே படம் இன்னொரு பாடத்தையும் தருகிறது. முடிவெடுப்பவர்கள் அதை அதிகம் கவனிப்பதில்லை. படத்துறையினர் ரஷஸ் என்று அழைக்கும் பயன்படுத்தப்படாத காட்சிகள், லான்ஸ்மனிடம் ஏறத்தாழ 220 மணி நேர அளவுக்கு மிஞ்சியிருந்தன. 1996இல் அமெரிக்க ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம் அவற்றைப் பெற்றுப் பாதுகாத்தது. தெரேசியன்ஷ்டாட் முகாமின் யூத நிர்வாகக் குழுவுக்குக் கடைசித் தலைவராக இருந்த பெஞ்சமின் முர்மெல்ஷ்டைனை லான்ஸ்மன் 1975இல் ரோம் நகரில் நாட்கணக்கில் பேட்டி கண்டிருந்தார். அதில் ஒரு காட்சிகூட 'ஷோவா'வில் இடம்பெறவில்லை. முர்மெல்ஷ்டைன் 1989இல் இறந்தார். அந்தப் பேட்டியிலிருந்து 2013இல்தான் தனிப்படம் ஒன்று உருவானது. போலந்தின் தலைமறைவு இயக்கத் தூதர் யான் கார்ஸ்கியின் பேட்டியிலும் பெரும்பகுதி இப்படியே காத்திருந்து பின்னர் வெளிவந்தது. தொகுத்த படம் வெளியானதும் மிச்சத்தைத் தூக்கிப்போட்டிருந்தால், நாஜிகளுக்கும் யூதர்களுக்கும் இடையில் சிக்கிய ஒரு மனிதரின் தன்னிலை விளக்கம் உலகுக்குக் கிடைத்திருக்காது. படம் எடுப்பதா, காப்பகம் அமைப்பதா என்ற கேள்விக்கு அந்த 220 மணி நேரமே பாதிப் பதில்.

ஒன்பதரை மணி நேரப் படத்தை எல்லோரும் பார்க்க மாட்டார்கள். அதற்கு மறுமுனையில் நிற்பது, ஷோவா அறக்கட்டளையின் தயாரிப்பாக ஜேம்ஸ் மோல் இயக்கி 1998இல் வெளிவந்து ஆஸ்கர் பெற்ற 'தி லாஸ்ட் டேஸ்'. 1944 மே நடுவிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை, எட்டு வாரங்களுக்குள், ஹங்கேரியிலிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் நாடுகடத்தப்பட்டார்கள், பெரும்பாலோர் அவுஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு. அந்த நிகழ்வைப் படம் ஐந்தே பேரின் வழியாகச் சொல்கிறது. அவர்களுள் ஒருவரான ரெனே ஃபயர்ஸ்டோன், தந்தை ஆசையாக வாங்கித்தந்த பல வண்ண நீச்சலுடையை மேலாடைக்கு அடியில் அணிந்துகொண்டு ரயிலேறியதைச் சொல்கிறார். வீட்டிலிருந்த எல்லாவற்றிலும் அதைத்தான் விட்டுப்போக மனம் வரவில்லை. அவுஷ்விட்ஸில் எல்லோரும் உடைகளைக் கழற்ற உத்தரவிடப்பட்டபோது அதுவும் போயிற்று. புள்ளிவிவரம் எதையும் மறந்துவிடும் மாணவர் அந்த நீச்சலுடையை மறக்க மாட்டார். பின்னர் ரெனே, தன் தங்கை கிளாராவின் மருத்துவப் பதிவோடு, அவுஷ்விட்ஸில் பணியாற்றிய மருத்துவர் ஹான்ஸ் முன்ஷை நேரில் சந்தித்துக் கேட்கிறார். ஆறுதலான பதில் ஏதும் கிடைக்கவில்லை. அந்தச் சந்திப்பை எந்தக் கேள்விப்பட்டியலாலும் ஏற்பாடு செய்திருக்க முடியாது. ஆனால் ஐம்பதாயிரம் பேரிலிருந்து ஐவரைத் தேர்ந்தெடுக்கும்போது, கதை சொல்லத் தெரிந்தவர், முகத்தில் உணர்ச்சி தெரிபவர், பிற்காலத்தில் வாழ்க்கையில் நிமிர்ந்து நின்றவர் ஆகியோர் முன்னே வருவார்கள். திக்கித் திணறிப் பேசியவரும் பாதியில் எழுந்து போனவரும் தொகுப்பறையிலேயே தங்கிவிடுவார்கள். திரைப்படம் என்ற வடிவத்துக்கே உள்ள சாய்வு இது. இயக்குநர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இதிலிருந்து முழுமையாகத் தப்ப முடியாது.

பள்ளிக்காக முடிவெடுப்பவர்களுக்கு ஒரே ஒருவரைப் பற்றிய குறும்படமே ஏற்றது என்பது என் கருத்து. கெர்டா வைஸ்மன் கிளைனைப் பற்றி 1995இல் வெளியாகி மறு ஆண்டு ஆஸ்கர் வென்ற படம் 40 நிமிடம். ஒரு வகுப்பு நேரத்துக்குள் அடங்கிவிடும். போரின் இறுதியில் நூற்றுக்கணக்கான மைல் நடத்திச் செல்லப்பட்டு, 68 பவுண்டு எடையோடு, நரைத்த தலையோடு செக் நாட்டின் வோலரி ஊரில் மீட்கப்பட்டபோது கெர்டாவுக்கு 21 வயது நிரம்பவிருந்தது. மற்றப் பெண்களைப் பார்க்கலாமா என்று கேட்ட அமெரிக்கப் படைவீரர், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, கெர்டா முதலில் நுழையட்டும் என்று நின்றார். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு தன்னை மனுஷியாக நடத்திய முதல் செயலாகக் கெர்டா அதை நினைவுகூர்கிறார். பின்னர் இருவரும் மணந்துகொண்டார்கள். இவ்வளவு சின்னச் செய்கையை நிறுத்திக் காட்டக் குறும்படத்தில்தான் இடம் இருக்கிறது.

பழைய காட்சிகளை நேர்காணலுக்கு இடையில் சொருகுவதா என்ற கேள்வியில் தயாரிப்பாளர்கள் எளிதில் சறுக்குகிறார்கள். யூதர்களை அடைத்துவைத்த நகரப் பகுதிகளான கெட்டோக்களிலும் முகாம்களிலும் எடுக்கப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் நகரும் படங்களில் பெரும்பகுதி ஒன்று நாஜிகளின் கேமராவிலிருந்து வந்தது, அல்லது விடுதலைக்குப் பின் நேச நாட்டுப் படைகள் எடுத்தது. வார்சா கெட்டோவில் 1942 மே மாதம் நாஜிப் படக்குழு எடுத்த காட்சிகள் பல்லாண்டுக் காலம் உண்மை வாழ்வின் பதிவாகப் பல படங்களில் பயன்பட்டன. 1998இல் கிடைத்த இன்னொரு சுருள், அவற்றில் பல காட்சிகள் ஆட்களை நிறுத்தி, திரும்பத் திரும்ப நடிக்க வைத்து எடுத்தவை என்பதைக் காட்டிக்கொடுத்தது. யேல் ஹெர்சான்ஸ்கி என்ற இஸ்ரேலிய இயக்குநர் இந்தச் சுருள்களை கெட்டோவில் வாழ்ந்த சிலருக்கு இருட்டறையில் போட்டுக்காட்டி, திரையைப் பார்க்காமல் அவர்களுடைய முகங்களைப் படம்பிடித்தார். ஒரு மூதாட்டி, அந்தக் கூட்டத்தில் தன் அம்மா நடந்துபோவதைக் கண்டுவிடுவோமோ என்று நடுங்குகிறார். கொன்றவர் எடுத்த படத்தைப் பிழைத்தவரின் பேச்சுக்கு விளக்கப்படமாக ஒட்டுவது தவறு. பிழைத்தவரை அந்தப் படத்துக்குச் சாட்சியாக்குவது சரி. இந்த வேறுபாட்டை உணராத இயக்குநரிடம் பணத்தை ஒப்படைக்கக் கூடாது. நடிகர்களை வைத்து மீள்நடிப்பு செய்வதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. சாட்சியம் இருக்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை.

ஊடாட்டப் பதிவு புதுமையானது, ஆகவே அறங்காவலர்களை எளிதில் மயக்கக்கூடியது. போலந்தின் லோட்ஸ் நகரில் 1932இல் பிறந்து, சிறுவனாக மைதானெக் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பிங்காஸ் கட்டரைச் சுற்றிலும் கேமராக்கள் சூழ்ந்த அரங்கில் உட்காரவைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகளை நாட்கணக்கில் கேட்டுப் பதிவுசெய்தார்கள். அருங்காட்சியகத்தில் பார்வையாளர் ஒரு கேள்வி கேட்டால், கணினி அந்தச் சொற்களைப் புரிந்துகொண்டு, ஏற்கெனவே பதிவான பதில்களில் பொருத்தமானதைத் தேடி ஓடவிடும். செயற்கையாக எதையும் பேச வைப்பதில்லை என்பதே இந்த முறையின் நேர்மை. சிகாகோ அருகிலுள்ள ஸ்கோக்கியின் அருங்காட்சியகம் 2017இல் இதற்கெனத் தனி அரங்கையே திறந்தது. குழந்தைகள் ஆர்வத்தோடு கேட்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. இருந்தாலும் ஒரு வாழ்க்கையை ஆயிரம் துண்டுகளாக நறுக்கி அடுக்கும்போது, ஒரு நினைவிலிருந்து இன்னொரு நினைவுக்குப் பேசுபவர் தானாகத் தாவும் அந்த இயல்பான ஓட்டம் காணாமல்போகிறது. கட்டருக்குத் தன் இரட்டைச் சகோதரி சபீனாவின் முகம் நினைவில்லை; மைதானெக்கில் கண்ட அந்தப் பொன்னிறப் பின்னல் மட்டுமே நினைவிருக்கிறது. 'உங்கள் சகோதரி எப்படி இருப்பார்?' என்று எந்திரத்திடம் கேட்டுப் பெறும் பதிலும், மணிக்கணக்கான பேச்சின் நடுவில் அந்தப் பின்னல் தானாக வந்து நிற்பதும் ஒன்றாக முடியாது. மேலும், உருவாக்கச் செயற்கை நுண்ணறிவு இறந்தவர்களைப் பேச வைக்கும் காலத்தில், உண்மையான பதிவுக்கும் போலிக்கும் உள்ள எல்லையைப் பார்வையாளர் தவறவிடும் அபாயம் கூடியிருக்கிறது. யுனெஸ்கோவே 2024இல் இதுகுறித்து எச்சரித்து அறிக்கை வெளியிட்டது. நிரந்தரத் தொழில்நுட்பப் பணியாளர்கள் உள்ள பெரிய நிறுவனம் தவிர வேறு யாருக்கும் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வழியை எடுத்தாலும் நினைவின் பிழையை என்ன செய்வது என்ற கேள்வி வந்தே தீரும். யேல் காப்பகத்துக்குப் பேட்டி அளித்த ஒரு பெண், அவுஷ்விட்ஸில் 1944 அக்டோபரில் நடந்த கிளர்ச்சியில், உடல்களை எரித்த கூடங்களின் நான்கு புகைபோக்கிகள் தீப்பற்றி எரிந்ததாகச் சொன்னார். உண்மையில் அழிந்தது ஒன்றுதான். வரலாற்றாய்வாளர்கள் சிலர் அந்தச் சாட்சியம் முழுவதையுமே ஒதுக்க வேண்டும் என்றார்கள். டோரி லாப், எண்ணிக்கை தவறானாலும் நினைத்துப்பார்க்கவே முடியாத ஒன்று அங்கே நிகழ்ந்தது என்பதற்கே அந்தப் பெண் சாட்சி என்றார். லாப் சொன்னது காப்பகத்துக்குப் பொருந்தும், நீதிமன்றத்துக்குப் பொருந்தாது. எருசலேம் நீதிமன்றத்தில் ட்ரெப்ளிங்காவிலிருந்து பிழைத்தவர்கள் பலர், ஜான் டெம்யான்யுக் என்பவர்தான் நச்சுவாயு அறையை இயக்கிய 'கொடூர இவான்' என்று அடையாளம் காட்டினார்கள்; 1988இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது; அந்த இவான் வேறொருவராக இருக்கலாம் என்று சோவியத் ஆவணங்கள் காட்டியதால் 1993இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. வெட்டாத நேர்காணலில் பிழை பிழையாகவே இருக்கலாம். அருகில் ஒரு குறிப்பு போதும். தொகுத்த படத்தில் அப்படி விட முடியாது. இயக்குநர் ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்துத் திரையில் வைக்கும்போது அதற்குத் தாமும் பொறுப்பேற்கிறார். ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு எல்லாமே பொய் என்று சொல்லக் காத்திருக்கும் மறுப்பாளர்களுக்கு அவரே வாய்ப்பை எடுத்துக்கொடுத்தவராகிவிடுவார். ஆகவே படத்துக்கான செலவுத்திட்டத்தில் ஒரு வரலாற்றாய்வாளருக்கு ஊதியம் ஒதுக்கப்படவில்லையென்றால், படமே வேண்டாம்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். ஷோவா அறக்கட்டளையின் நேர்காணல்களில் ஏறத்தாழ பாதி ஆங்கிலத்தில் நடந்தவை. பிழைத்தவர்கள் பிற்காலத்தில் குடியேறிய நாட்டின் மொழி அது. அம்மா திட்டியதும் காவலன் கத்தியதும் அந்த மொழியில் நடக்கவில்லை. டேவிட் போடர் என்ற உளவியல் பேராசிரியர் 1946இலேயே சிகாகோவிலிருந்து எஃகுக் கம்பியில் ஒலியைப் பதியும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஐரோப்பாவின் அகதி முகாம்களுக்குப் போய், நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் ஒன்பது மொழிகளில் பேசிப் பதிவுசெய்தார். படமில்லை, முகமில்லை, ஆனால் ஓராண்டுக்கு முன் நடந்ததை, அது நடந்த மொழியிலேயே சொல்லும் குரல்கள் அவை. இன்று கேமராவின் முன் அமரும் மூதாட்டி ஐம்பது ஆண்டுகளாக, ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷைப் பேசாதவராக இருக்கலாம். அந்த மொழி தெரிந்த ஒருவரை அருகில் உட்காரவைத்தால், நேர்காணலின் நடுவில் ஒரு தாலாட்டோ வசையோ தானாக வந்து விழும். வசனவரிகளைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

இப்போது முன்பே சாட்சியம் தந்தவரின் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இன்றைய முடிவுகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. 1996இல் அறுபது வயதில் இரண்டு மணி நேரம் பேசிவிட்டவரை இப்போது மீண்டும் உட்காரவைத்து அதே கதையைச் சொல்லச் சொன்னால், பள்ளிகளிலும் நினைவுநாள் கூட்டங்களிலும் பலமுறை சொல்லி மெருகேறிய ஒரு வடிவம்தான் கிடைக்கும், அவரும் களைத்துப்போவார். அந்தப் பழைய நாடாவைத் தேடியெடுத்து, அவரோடு உட்கார்ந்து பார்த்து, அன்று கேட்கப்படாததை மட்டும் இன்று கேட்பதே என் தேர்வு. போருக்குப் பின் அனாதை விடுதியில் கழிந்த ஆண்டுகள், புதிய நாட்டில் பெயரை மாற்றிக்கொண்டது, பிள்ளைகளிடம் எதைச் சொல்லவில்லை என்பது ஆகியவை, ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே ஒதுக்கிய அந்தப் பழைய திட்டத்தில் விரைவாகக் கடந்துபோனவை. அறுபது வயது முகத்தையும் தொண்ணூறு வயது முகத்தையும் ஒரே படத்தில் அடுத்தடுத்து வைத்தால், அதைவிடச் சிறந்த ஆவணப்படத்துக்கு வேறு எந்த உத்தியும் தேவைப்படாது. இங்கே பணத்தில் பெரும்பகுதி படத்துக்கே போகலாம். ஏனெனில் சாட்சியம் ஏற்கெனவே காக்கப்பட்டுவிட்டது.

பிழைத்தவரே மறைந்துவிட்ட குடும்பங்கள் சில நேரங்களில் மகனையோ மகளையோ அவருடைய இடத்தில் உட்காரவைத்துப் பேச வைக்க விரும்புகின்றன. அதையும் பதியலாம், ஆனால் அது வேறொரு சாட்சியம், இரவில் அப்பா அலறி எழுந்த வீட்டில் வளர்ந்ததன் சாட்சியம். முகாமின் சாட்சியமாக அதைத் தலைப்பிட்டு வெளியிட்டால் இரண்டுமே கெடும்.

பதிவு முடிந்த பிறகு ஆகும் செலவை யாரும் முன்கூட்டி எண்ணுவதில்லை. ஷோவா அறக்கட்டளை தன் 2,35,000 நாடாக்களை, அவை கெடத் தொடங்கும் முன், எண்மக் கோப்புகளாக மாற்றப் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. இன்று கோப்பாகவே பிறக்கும் பதிவும் ஒற்றை ஹார்ட் டிஸ்கில் மேசை இழுப்பறையில் கிடந்தால் நாடாவைவிட விரைவாக அழியும். குறைந்தது மூன்று பிரதிகள், இரண்டு ஊர்களில், அவற்றுள் ஒன்று நிலையான காப்பகம் ஒன்றின் பொறுப்பில் என்பதை முதல் நாளே ஏற்பாடு செய்யாதவர் கேமராவை வாடகைக்கு எடுக்கவே கூடாது. பேச்சின் முழு எழுத்துப்படியும், எதை இணையத்தில் வெளியிடலாம், எதைத் தன் இறப்புக்குப் பிறகே வெளியிட வேண்டும் என்று அந்த முதியவர் கையெழுத்திட்டுத் தரும் தாளும் கோப்போடு சேர்ந்தே இருக்க வேண்டும்.

போடரின் கம்பிச் சுருள்களில் ஒன்று நீண்ட காலம் காணாமல்போயிருந்தது. பிரான்ஸின் ஏனோன்வில் என்ற ஊரிலிருந்த அகதி முகாமில், பிழைத்தவர்கள் பாடிய பாடல்கள் அதில் இருந்தன. 2017இல் அமெரிக்காவின் ஆக்ரன் பல்கலைக்கழகம் அது தன் காப்பகத்திலேயே இருந்ததாக அறிவித்தது. ஊர்ப்பெயரை யாரோ தவறாக எழுதிவைத்திருந்ததால், தேடியவர்கள் யாருக்கும் அது தென்படவில்லை. ஷோவா அறக்கட்டளையின் நேர்காணலர்கள் இந்த ஒன்றில் முன்னெச்சரிக்கையாக இருந்தார்கள்: எதையும் கேட்பதற்கு முன் பேசுபவர் தன் பெயரை எழுத்து எழுத்தாகக் கேமராவின் முன் உச்சரித்துவிட வேண்டும். பேத்தி தன் செல்பேசியில் எடுக்கும் பதிவானாலும் அப்படித்தான் தொடங்க வேண்டும்: பிறந்தபோது வைத்த பெயர், பிறகு மாற்றிக்கொண்ட பெயர், பிறந்த ஊர் அன்று எந்த நாட்டில் இருந்தது, இன்று எந்த நாட்டில் இருக்கிறது என்பவை, பாட்டியின் வாயாலேயே, ஒவ்வோர் எழுத்தாக.